பேஞ்சோ மட்டும் மேடையேறலாமாம்

மே 6, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். தவளக்குப்பம் கடையில் வாங்க வேண்டியது: பேஞ்சோவுக்குக் கம்பி ஒரு செட், பேட்டரி, அம்மா மாத்திரை. பேட்டரி மறந்தாச்சு.

முரளி வீட்டு பம்புசெட் கொட்டகையில் எங்கள் பேண்டு ப்ராக்டீஸ். மு. கிட்டார், பாட்டு. ஸ்டீபன் டிரம்ஸில் ராக் அண்டு ரோல் வேகம், அதன் மேல் என் பேஞ்சோ, சுகுவின் மாண்டலின். வெள்ளிக்கிழமை மு. ஊர்த் திருவிழா. எங்களுக்கு முதல் பெரிய மேடை. நடுவில் விழாக் கமிட்டித் தலைவர் வந்தார், பேஞ்சோவைச் சுண்டினார்.

"இன்னாமா இது, பறைக்குக் கழுத்து வெச்ச மாதிரி கீது? தோலா?"

"ஆட்டுத்தோலுங்க."

"கோயில் மேடைக்குத் தோலு வேணாம்பா." இதை மு.விடம் சொன்னார்.

தவிலுக்கு என்ன துணியா கட்டியிருக்கிறார்கள்? கேட்டேவிட்டேன். அவர் கிளம்பிவிட்டார். மு. தரையைப் பார்க்கிறான்.

மே 7, வியாழன்

மு. டவுனுக்குப் போய் தோலுக்குப் பதிலாக மாட்டும் பிளாஸ்டிக் முகப்பு வாங்கி வந்தான். "கோச்சுக்காத. மேடைதான் முக்கியம்." சுற்றியுள்ள நட்டு ஒவ்வொன்றையும் நானே முறுக்கினேன். வாளியைத் தட்டுகிற சத்தம். ஒத்துக்கொண்டதுதான் வெட்கமாக இருக்கிறது.

மதியம் சோறு இறங்கவில்லை. அம்மா: "இன்னாடி மூஞ்சி இப்பிடி கீது?"

மே 8, வெள்ளி

மாலை ஐந்து. தூறல், உடனே நின்றது. மேடைப் படியில் தலைவர் மறுபடியும். பிளாஸ்டிக் என்றதும் தலையாட்டினார். பிறகு,

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

அப்பா பேர் சொன்னேன். காலனி என்றும் சொன்னேன். முகம் மாறியது. பேஞ்சோவைக் காட்டி மு.விடம் சொன்னார்:

"அது மேல போவட்டும்பா. வாசிக்க வேற ஆள வெச்சுக்கோ."

ஆக, தோல் இல்லை. நான்தான்.

மு. கையை நீட்டினான். "ஒரு நாளுதானே, குடுடி. சுகு வாசிச்சிடுவான்." நீட்டினானே, அந்தக் கை! கொடுக்கவில்லை. ஸ்டீபனும் எங்கள் தெருதான். அவனை யாரும் கேட்கவில்லை. அவன்பாட்டுக்கு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

பேஞ்சோவோடு பஸ் ஏறி வீடு. 

மே 9, சனி

நல்ல வெயில். துணி துவைத்துப் போட்டேன். ரேஷனில் கூட்டம், திரும்பிவிட்டேன்.

மு. மெசேஜ்: "நேத்து செம கைத்தட்டு. பேஞ்சோ இல்லாததுதான் கொறை. நாளைக்கு நாலு மணிக்கு ப்ராக்டீஸ், வந்துடு."

ஒரு மன்னிப்பு? ம்ஹும்.

பதில் போட்டேன்: "யாருடா வரணும்? நானா, பேஞ்சோவா?"