காளான் பொடி அரைத்த வீடு

ஆகஸ்ட் 12, 2024 – திங்கள்

மூன்று நாளாக நல்ல வெயில். விற்காமல் மிஞ்சிய சிப்பிக் காளான் ஆறு கிலோவைப் பிய்த்து, மாடியில் வேட்டி விரித்துப் பரப்பியிருந்தேன். இன்று ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மொத்தத்தையும் அள்ளினால் ஒரு சுளகுகூட நிறையவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சூப்புக் கடை வைத்திருக்கும் சைத்தூன் பீவி அக்காதான் இந்த யோசனையைச் சொன்னாள். “பொடியாக்கித் தாட்டி அமுதா. சூப்புல ஒரு சிட்டிகை விழுந்தா, குடிக்கவன் இன்னொரு கிளாஸ் கேப்பான்.”

என் மகன் பேச்சிராஜா விடிகாலையில் லோடு வேனை நிறுத்திவிட்டு வந்து தூங்குகிறான். வயது இருபத்தாறு. அவன் தூங்கும்போது நான் பாத்திரம் தேய்ப்பதில்லை, குழாயைத் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 14 – புதன்

மிளகு, சீரகம், வெயிலில் சருகாக உலர்த்திய பூண்டு, கறிவேப்பிலை, கல்லுப்பு. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் தனித்தனியாகச் சூடேற்றி ஆறவைத்தேன். காளானை மட்டும் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, அந்தச் சூட்டிலேயே ஒரு புரட்டு. கருகினால் கசந்துவிடும்.

பத்து மணியாகிவிட்டது, எழுந்திருப்பான் என்று நினைத்து மிக்சியைப் போட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் வந்து நின்றான்.

“மனுசன் தூங்குதது தெரியலையா?”

முதலில் கழுத்தைப் பிடித்தான். பிறகு என் வலது கையை இழுத்து அடுப்புமேடை விளிம்பில் அடித்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவனே மிக்சியை அணைத்தான். போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 15

நேற்றையதையும் சேர்த்து இடது கையால் எழுதுகிறேன். மாவுக்கட்டு. மாடிப்படியில் வழுக்கியது என்று டாக்டரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 17 – சனி

சைத்தூன் அக்கா பொடி வாங்க வந்தாள். வாயில் போட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினாள். “எலும்பு போட்டுக் கொதிக்க வச்ச ருசியால்லா இருக்கு!” என்றாள். அதற்கப்புறம் என்னையே பார்த்தாள்.

“படியில விழுந்தவளுக்குக் கழுத்துல எப்படிட்டி அஞ்சு விரலு பதியும்?”

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

இவன் அப்பாவும் அடிப்பார். இருபத்துமூன்று வருடம். அவர் செத்து நாலு வருடம் ஆகிறது. அதில் முதல் வருடம் மட்டும் என்னை யாரும் அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25 – ஞாயிறு

கயத்தாற்றில் பெண் பார்த்தோம். பொன்செல்வி. மருந்துக் கடையில் வேலை. காபி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்தை, காளான்ல பொடி செய்தீங்களாமே? எனக்கும் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

ராஜா வேனில் வரும்போது பாட்டுப் பாடினான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவான்.

என்னையும் இப்படிச் சொல்லித்தானே கட்டிக்கொடுத்தார்கள்?

செப்டம்பர் 3 – செவ்வாய்

பெண் வீட்டில் யோசிக்கிறார்களாம். மாப்பிள்ளை அம்மாவையே அடிக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யார் சொல்ல வேண்டும்? நான் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதானே அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். “நீ போயிச் சொல்லு. எம் மவன் கை ஓங்கினதே இல்லைன்னு சொல்லு. சொல்லல, உன்னை இங்கனயே பொதைச்சிருவேன்.”

சொல்கிறேன் என்றேன். குழம்பைத் துடைத்தேன்.

செப்டம்பர் 5 – வியாழன்

நான் போக வேண்டியிருக்கவில்லை. பொன்செல்வியின் அம்மா கோமதியம்மாள் காலையில் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். ராஜா லோடுக்குப் போயிருந்தான். நான் ஒற்றைக் கையால் பொடி சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையை வாங்கி அவளே சலித்தாள். முடித்த பிறகுதான் கேட்டாள்.

“மதினி, ஊருல ஒண்ணு சொல்லுதாவ. நான் ஊரை நம்பி வரலை. உங்க வாயால கேக்க வந்தேன். என் பிள்ளையை இந்த வீட்டுக்கு அனுப்பலாமா?”

“கொஞ்சம் கோவக்காரன்தான்…” என்று ஆரம்பித்தேன். அவள் என் மாவுக்கட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அந்தப் பிள்ளை என் கண்முன் வந்து நின்றாள். அந்த வாயில் ரத்தம் வந்தால்?

“அனுப்பாதீங்க மதினி.”

கோமதியம்மாள் என் இடது கையைப் பிடித்து அழுத்தினாள். வெயிலோடு போனாள்.

நான் பெத்தவனுக்கு நானே இப்படிச் செஞ்சிட்டேன். செஞ்சது சரிதானா? எனக்குத் தெரியல. தெரியல.

செப்டம்பர் 9 – திங்கள், ஆஸ்பத்திரி

தலையில் பதினோரு தையல். வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு வந்தான். சம்பந்தம் வேண்டாம் என்று அவனுக்குப் போன் வந்திருக்கிறது. “அவகிட்ட என்ன சொன்ன?” என்றான்.

“உள்ளதைச் சொன்னேன்.”

மிக்சி ஜாரைக் கழற்றி என் தலையில் வீசினான். காதுக்கு மேலே கிழிந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். எத்தனை தடவை என்று தெரியாது. தரையில் வைத்திருந்த பொடிச் சட்டி மேலேயே விழுந்தேன். என் ரத்தம் அதற்குள் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவன் மூலையில் இருந்த அரிவாள்மணையை எடுத்தான். அவன் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவன் குனிந்தபோது இடது கை நிறையப் பொடியை அள்ளி அவன் கண்ணில் அடித்தேன். மிளகும் உப்பும் சேர்ந்த பொடி. அரிவாள்மணை தரையில் விழுந்தது.

“அம்மா, கண்ணு! அம்மா!” என்று கத்தினான்.

எழுந்து ஓடியவள் வாசலில் நின்றுவிட்டேன். தண்ணீர்க் குடத்தின் பக்கம் என் கை போனது. நாலு வயதில் விழுந்து எழும்போதும் இதே குரல்தான். போகாதே, போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினேன். இந்தத் தெருவில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கத்தினேன். கதவுகள் திறந்தன. சைத்தூன் அக்காதான் ஆட்டோ பிடித்து என்னை இங்கே கொண்டுவந்தாள்.

அவன் கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். முதலில் அதைத்தான் கேட்டேன்.

பெண் போலீஸ் வந்து, “யாரும்மா அடிச்சது?” என்றாள்.

“என் மகன்.”

இரண்டு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது.

செப்டம்பர் 12 – வியாழன்

கொழுந்தன் அழகிரிசாமி குளத்தூரிலிருந்து வந்தார். பழம் கொண்டுவந்தார். “பெத்த பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பினவன்னு பேரு வேணுமா மதினி? கேஸை வாபஸ் வாங்கிருங்க.”

“எம் பொணத்தைத் தூக்க வந்திருந்தா யாருகிட்டக் கொழுந்தனாரே இதைச் சொல்லுவீய?”

பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 3

ரத்தம் விழுந்த பொடியைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன். மோர் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஜெயிலில் கிடைக்குமா?

அக்டோபர் 21 – திங்கள்

மழை. காயவைக்க வழியில்லை. ஜாமீனில் வந்துவிட்டான். என் தெருவுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. குளத்தூரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறான், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறான் என்றார்கள்.

நாலு நாளாகக் கதவுக்குக் குறுக்கே பீரோவைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22 – வெள்ளி

கோர்ட்டுக்குப் போனேன். சைத்தூன் அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். ராஜா இளைத்திருந்தான். உப்புத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்திருந்தது. நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கழுத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் கிட்டே வராமல் நின்று கேட்டான்: “உனக்கு மனசே இல்லையாம்மா?”

“இருக்குலே. அதான் நீ கொலைகாரனா நிக்காம இங்கன நிக்க.”

தலையைக் குனிந்துகொண்டான். அழுதானா, தெரியவில்லை. நான் பஸ்ஸில் அழுதேன்.

மதியம் வீட்டுக்கு வந்து சும்மா சாய்ந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். சைத்தூன் அக்கா. மணி ஐந்தரை.

“ஏட்டி, வாசக் கதவைத் திறந்து போட்டுட்டா இப்படித் தூங்குவ?” என்றாள்.

ஆமாம், பீரோவைத் தள்ள மறந்து, கதவு திறந்துதான் கிடந்தது.