பெயரும் விலாசமும்

அடியே அட்லாண்டாக்காரி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேற்று நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். நம் தெருவை இடித்துவிட்டுப் புது ஸ்டேடியத்துக்கு கார் பார்க்கிங் கட்டலாமா என்று விவாதம்.

பேசுகிறவர்கள் முதலில் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு நிமிடம். நான் சொன்னதும் எழுத்தர் வரைபடத்தைப் பார்த்தார்.

"அந்த நம்பர்ல வீடே இல்லையேம்மா. பார்க்கிங்னு போட்டிருக்கு."

"காலையில அங்கதான்யா சோளக்கஞ்சி கிண்டிட்டு வந்தேன். பார்க்கிங்லயா கிண்டினேன்?"

சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"விமான ஓடுபாதைக்குன்னு எங்கம்மா வீட்டை இடிச்சீங்க. ஊரே காலியாகுதே, எவன் விமானம் ஏறப்போறான்னு அம்மா அன்னிக்கே கேட்டாங்க. இப்ப அதுல புல்லு மண்டிக் கிடக்கு. மிச்சம் இருக்கறவங்களையும் விரட்டிட்டு, ஆட்டத்தை யாருக்குக் காட்டப்போறீங்க?"

மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சுதும்மா."

"விலாசத்தை எழுதுங்க. எழுதினாத்தான் நகருவேன்."

எழுதினார்.

"தெருவுல மூணு வீடுதான் இருக்கு, யாருக்காகக்கா உக்காந்திருக்கே?" என்று போனில் கேட்டாய். மூன்றில்லை, நான்கு. நம்முடையதை எண்ண மறந்துவிட்டாய்.

அந்த வீடு போனபின் அம்மா நம் இருவர் பேரிலும் வாங்கிய வீடு இது. நீ அனுப்பிய விற்பனைப் பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் கையெழுத்துக்குக் கீழே எனக்கு விட்டிருந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது.

திட்ட வேண்டுமானால் கடிதம் போடு. விலாசம் மாறவில்லை.

உன் அக்கா