ஏழரைத் தட்டு

கேன்டர்பரி
17 நவம்பர் 1969, திங்கள் இரவு

அன்புள்ள காலின் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். போன மாதம் வானொலியில் உங்கள் குழுவின் வாசிப்பு வந்தது. மூச்சு விடாமல் பதினெட்டு நிமிடம் டிரம்ஸ் அடித்தாயே, உடம்பில் தெம்பு இல்லாதவன் அதைச் செய்ய முடியாது என்று அம்மா சொன்னாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சத்தத்தைக் குறைத்து வைத்து, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

இதைப் போர்வைக்குள் சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். நாளை விடியற்காலையில் அப்பாவுக்கு ரயில்வே சிக்னல் பெட்டியில் வேலை. அவருடைய குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்துகிறேன். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் அவர் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை, வரிசையில் பதினொரு பேர் நிற்கும்போது விட்டுவிட்டு நீ லண்டனுக்குப் போனாய் அல்லவா, அதை அவர் இன்னும் மறக்கவில்லை. "அவன் பேரு இந்த வீட்ல கேக்கக் கூடாது, அவனுக்கு ஒரு வரி போச்சுன்னும் கேக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நீ எனக்குப் பதில் எழுதாதே. நீ எழுதப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

எந்தக் கடிதத்தையும் நீ முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. அதனால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெஸ் சனிக்கிழமை காலையில் சவுத்தாம்ப்டனில் ஆஸ்திரேலியா போகும் கப்பலில் ஏறுகிறான். திரும்பி வரும் எண்ணம் இல்லை. உன் குழுவில் பாடிக்கொண்டிருந்த டெஸ்தான், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அவன் போவதற்கு நான் காரணம். நீங்கள் எல்லோரும் காரணம்தான், ஆனால் முதல் காரணம் நான். இதை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. தயவுசெய்து நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும். உங்கள் குழுவின் வரலாறு உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. போன வாரம் இசைப் பத்திரிகையில் உன் நண்பன் ரூபர்ட், குழு லண்டனில் பிறந்தது என்று சொல்லியிருந்தான். நம் வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கும் அறையில் பிறந்தது. துணி பிழியும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. நீ டிரம்ஸ், ரூபர்ட் ஆர்கன், டெஸ் கிட்டாரும் பாட்டும். பெயர் 'ஹாப் பாய்ஸ்'. சனிக்கிழமை மாலைகளில் தேவாலயக் கூடத்தில் வாசித்தீர்கள், ஜனங்கள் ஆடினார்கள். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. பக்கத்து வீட்டு மிஸஸ் டாப்செல்லைத் தவிர யாருக்கும் ஒரு புகாரும் இல்லை.

பிறகு உங்களுக்கு லண்டன் காற்று அடித்தது. பெயர் 'ஊதா நத்தை' ஆயிற்று. முன்னறைத் திரைச்சீலையை வெட்டி நீ சட்டை தைத்துக்கொண்டாய். இன்றுவரை அந்த ஜன்னலில் போர்வைதான் தொங்குகிறது. சுவரில் வண்ணம் கொதிக்கிற மாதிரி வெளிச்சம் காட்ட வேண்டும் என்று அம்மா மாவுக்குள் இறைச்சி வைத்து 'பை' சுடும் கண்ணாடித் தட்டில் எண்ணெயையும் சாயத்தையும் கலக்கினாய். அதன்பின் ஒரு மாதம் நாங்கள் சாப்பிட்ட இறைச்சி பை எல்லாம் டர்பன்டைன் வாடை. அப்பா சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். ஒரு பாட்டு முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று ரூபர்ட் அப்போதுதான் கண்டுபிடித்தான். "பாட்டு முடியலன்னா ஜனங்க எப்படா கை தட்டுவாங்க?" என்று டெஸ் கேட்டான். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

இப்போது போன வருடம் அக்டோபருக்கு வருகிறேன். பயிற்சிக்காக இரண்டு வாரம் ஊருக்கு வந்திருந்தீர்கள். வந்த இரண்டாம் நாளே டெஸ்ஸுக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடை வீங்குவதற்கு முந்தின நாள், தான் புதிதாகப் போட்ட மெட்டை அந்த அறையில் தனியாக உட்கார்ந்து டேப்பில் பதிந்து வைத்துவிட்டுப் போனான். நீ பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டினாய்: தொடாதே. ஹேசல், உன்னைத்தான்.

நான் தொட்டேன். நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அதை ஓடவிட்டுக் கேட்டேன். எத்தனை முறை என்று கேட்காதே. ஏன் என்றும் கேட்காதே. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ நாடா சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கசங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கசங்கிய இடத்தை அப்பாவின் சவர பிளேடால் வெட்டி எடுத்தேன். இரண்டு முனைகளையும் ஒட்டுத்தாளால் ஒட்டினேன். நீ செய்வதைப் பார்த்திருக்கிறேன், உன்னைவிட நேராகவே ஒட்டினேன். மறுபடி ஓடவிட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலை நீங்கள் அதைக் கேட்டீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். டெஸ் அந்த மெட்டை ஒரு சுற்றுக்கு எட்டுத் தாளத் தட்டாக, எட்டுச் சுற்று வாசித்திருந்தான். நான் வெட்டியது முதல் சுற்றில். அதில் மட்டும் அரைத் தட்டு குறைந்து ஏழரைத் தட்டு ஆகியிருந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். நீங்களோ மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தீர்கள். "டேய், இவன் என்னடா பண்ணி வச்சிருக்கான்! அரைத் தட்ட முழுங்கிட்டான் பாரு" என்றாய் நீ. மற்ற ஏழு சுற்றும் சரியாக எட்டு இருக்கிறதே என்று ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வந்தது, ரூபர்ட்டுக்கு. அவன் சொன்ன விளக்கம்: "முதல் சுத்துதான் ஐடியா. மத்ததெல்லாம் காய்ச்சல்ல தூங்கி வழிஞ்சு வாசிச்சது." ஏழு முறை சரியாக வாசித்தது தவறு, ஒரு முறை நான் பிளேடால் வெட்டியது மேதைமை. இதைக் கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். இப்போது அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

மீதி நாள் முழுக்க இராப்பகலாக ஏழரைத் தட்டைப் பழகினீர்கள். 'ஏழரை' என்று பெயரும் வைத்தீர்கள். வீக்கம் கொஞ்சம் குறைந்ததும் டெஸ் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் மெட்டை அவனே எட்டில் வாசித்தான். நீங்கள் மூன்று பேரும் ஏழரையில் வாசித்தீர்கள். (சாக்ஸஃபோன்காரரை அந்த வாரம்தான் கூட்டி வந்திருந்தீர்கள். மாட்டுக்குப் பிரசவ வலி வந்த மாதிரி ஊதினார்.) நான்காவது சுற்றில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டீர்கள். "எங்கயோ அரைத் தட்டு காணாமப் போகுதுடா, நான் இப்படி வாசிக்கவே இல்ல" என்றான் டெஸ். "டேப் பொய் சொல்லுமா?" என்று நீ போட்டுக் காட்டினாய். அவன் முகத்தை நீ பார்க்கவில்லை, நீ சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அவன் டேப்பை நம்பினான். தன்னை நம்பவில்லை.

ஒரு வாரம் முயன்றான். விரல் மடக்கி எண்ணினான். பாடும்போது உதட்டுக்குள் எண்ணினான், அதனால் பாட்டே வரவில்லை. கடைசியில் ரூபர்ட் "உன் பாட்ட உன்னாலயே வாசிக்க முடியலயேப்பா" என்றான். நீ அதைவிட மோசம். "உனக்குக் கணக்கு வரல டெஸ், விடு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தாய். சின்ன வயதிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம்.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பாடுகிறவனே இல்லாத குழு ஆகிவிட்டீர்கள். ஒரு பாட்டு ஒரு பக்க ரெக்கார்ட் முழுக்க ஓடுகிறது. ஆட வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நத்தைக்கு ஜாஸ் மூளை முளைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, மேடையில் கேட்ட அந்த அரைத் தட்டுக்குத் தனியாக ஒரு பத்தியே எழுதினார்கள். உண்மை வெளியே வந்தால் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்றுதான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டெஸ் இப்போது தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால், வாடை அடிக்கும் என்று நாலடி தள்ளி நிற்கிறான். போன வெள்ளிக்கிழமை கப்பல் விஷயத்தைச் சொன்னான். கிட்டாரை என்ன செய்தாய் என்று கேட்டேன். தேவாலயத்தில் பழைய சாமான் விற்கும் சந்தைக்குக் கொடுத்துவிட்டானாம். "எனக்குக் காது கிடையாது ஹேசல். நான் எட்டுன்னு நினைச்சு வாசிச்சா ஏழரை வருது. அப்படிப்பட்டவன் எதுக்குத் தொடணும்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சொல்லிவிட வாயைத் திறந்தேன். பேருந்து வந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் பேருந்து வர இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

இப்போது நான் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. சின்னப் பெண் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தலையைத் தடவிவிட்டுக் கப்பலேறிவிடுவான். கணக்கு வரவில்லை என்று சொன்னவன் நீ. நீ சொன்னால்தான் நம்புவான்.

வெள்ளிக்கிழமை லண்டனில் 'ஏழரை'யை ரெக்கார்ட் செய்கிறீர்கள் என்று அதே பத்திரிகையில் போட்டிருந்தது. அன்று மாலை 5.20க்கு டெஸ் இங்கிருந்து கிளம்புகிறான். ஏழு மணி சுமாருக்கு விக்டோரியா நிலையத்தில் இறங்குவான், அங்கிருந்து வாட்டர்லூ போய் சவுத்தாம்ப்டன் ரயில் பிடிக்க வேண்டும். சிக்னல்காரர் மகள் சொல்கிறேன், அந்த வண்டி தாமதமாக வராது. நீதான் வருவாய். ஆகவே ஆறரைக்கே போய் நில். ரூபர்ட் கத்துவான். பாட்டு முடிய வேண்டும் என்று சட்டம் இல்லை என்று சொன்னவன் அவன்தானே, பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவனுக்கு என்ன? அவனை டிக்கெட் ஜன்னலாக நினைத்துக்கொள். வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டுப் போவது உனக்கு நன்றாக வரும்.

டெஸ் கப்பலில் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும், அங்கே வெயில் அடிக்குமாம். ஆனால் எட்டு எண்ணத் தெரிந்தவனாகப் போகட்டும்.

இன்னொரு விஷயம். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் இன்று மாலை என் பென்சில் பெட்டிக்குக் கீழே ஒரு தபால்தலை இருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இப்போது நினைக்கப் போவதில்லை.

உறையை உதறிப் பார். இரண்டு அங்குல நீளத்தில் பழுப்பாக ஒரு நாடாத் துண்டு விழும். குப்பை என்று ஊதி எறிந்துவிடாதே. டெஸ்ஸின் அரைத் தட்டு அதுதான். அன்று குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு வருடமாக பைபிளுக்குள் வைத்து நிமிர்த்தியிருக்கிறேன், இன்னும் ஒரு மடிப்பு போகவில்லை. விக்டோரியாவில் அதை அவன் கையில் கொடு. வெட்டியது ஹேசல் என்று சொல், அதை மறைக்காதே. எடுத்து வைத்திருந்ததும் ஹேசல்தான் என்று சொல்ல வேண்டாம்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியையும், வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது சரியான நேரத்தையும் கொடுக்கட்டும்.

குறட்டை நின்றுவிட்டது. விளக்கை அணைக்கிறேன்.

உன் தங்கை,
ஹேசல்