பாஸ்டனில் கோல் போட்ட உன் அப்பா

கில்வாரா,
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரோனனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் கிருபையில் எழுந்து நடமாடும்படி இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே வலித்துக்காட்டுகிறது, இங்கே மழை விட்டபாடில்லை என்பதால் அதற்கும் ஓய்வில்லை. ஓர்லாவின் சின்னவளுக்கு முதல் பல் வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாளாம். நீ சுகமா என்று கேட்கத்தான் பேனா போகிறது, ஆனால் நீ ஓடுகிறாய், குதிக்கிறாய், பந்தை வலைக்குள் அடிக்கிறாய் என்பதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாக எனக்கும் தெரிந்துவிட்டது, ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உன் கைபேசிச் செய்திகளுக்கு நான் பதில் போடுவதில்லை என்று உன் அக்கா ஓர்லாவிடம் குறைப்பட்டாயாம். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை இது. உட்கார்ந்து படி.

போன மாதம் தபால்காரன் கீரன் கேட்டைத் திறக்கும்போதே பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "மிஸஸ் ஹெனகன், வாழ்த்துகள்! உங்க வீட்டுக்காரர் பாஸ்டன்ல ஒரு கோலும் நாலு பாயிண்டும் அடிச்சிருக்காராமே, அப்படி என்னதான் சாப்பாடு போட்டு வளத்தீங்க அவர?" என்றான். உன் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கைபேசியை நீட்டினான். ஒரு கூட்டம் இளைஞர்கள், நடுவில் நீ, வெயிலில் மூக்கு தோலுரிந்து சிவந்து, கையில் ஒரு கோப்பை, கீழே ஆட்ட நாயகன் மலாக்கி ஹெனகன் என்று எழுதியிருந்தது. அதிலும் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். நான்கு குளிர்காலமாகக் கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கும் மனிதரின் பெயர் அது. என் முகத்தைப் பார்த்ததும் கீரன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல, நீங்களும் ஒண்ணும் பாக்கல, கரண்ட் பில் மட்டும்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வாசலிலேயே நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும், உனக்கே தெரியும். இது இன்னும் ஆறவில்லை.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன், பள்ளி விடுமுறை முழுக்க வாத்தியார் வீட்டில் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுத்தான் ஜூன் மாதம் கிளம்பினாய். பெட்டியில் ஆட்டத்துக்கான பூட்ஸ் இருந்ததை நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. கோடை முழுக்க அங்கே போய் வேறு அணிக்கு ஆட வேண்டுமானால் நம் அணி சம்மதித்து ஒப்புதல் தர வேண்டும் என்பதும், ஏற்கெனவே ஆறு பேருக்குக் கொடுத்துவிட்டதால் உனக்கு மட்டும் தர முடியாது என்று தலைவர் டொமினிக் லாவல் கையை விரித்துவிட்டான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒப்புதல் இல்லாதவன் எப்படி ஆடுவான்? வேறொருவன் பெயரில் ஆடுவான். இது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிற அசிங்கம்தான். உன் அப்பாவையும் கூப்பிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து ஒருவர் கோட்டும் தொப்பியுமாக நம் சமையலறையில் வந்து உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை விமானம், ஞாயிறு ஆட்டம், திங்கள் வீடு, பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம், மர்ஃபி என்று எழுதிக்கொள்வோம் என்றார். உன் அப்பா, "மர்ஃபிதானே ஆடப்போறாரு, நான் எதுக்கு வரணும்? அப்புறம் திங்கட்கிழமை பசுவையும் மர்ஃபியே வந்து கறப்பாரா?" என்று கேட்டார். வந்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நம் ஐரிஷ் கால்பந்தில் எவனுக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் பள்ளியிலும் பண்ணையிலும் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் சேற்றில் ஓடுவது பிறந்த ஊருக்காக என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு அங்கே தங்க வீடு, கட்டட வேலை என்று சொல்லிக்கொள்ள ஒரு வேலை, கையில் செலவுக்கு. செங்கல் தூக்கினாயா என்று கேட்க மாட்டேன், உன் கையைப் படத்தில் பார்த்துவிட்டேன்.

நீங்கள் ஏழு பேரும் போன பிறகு இங்கே என்ன ஆயிற்று என்று உனக்கு யாராவது சொன்னார்களா? ஜூலையில் பாலிகோரன்காரர்களோடு நடந்த ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் சேரவில்லை. குழாய் ரிப்பேர் செய்யும் எண்டாவைக் கோல் காக்க நிறுத்தினார்கள். அவன் ஆடுவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, மூக்குக் கண்ணாடியை ரப்பர் கயிற்றால் தலையோடு கட்டிக்கொண்டு நின்றான். மூன்றாவது கோல் விழுந்தபோது பாலிகோரன் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை, "எண்டா மாமா, அது பந்து! குழாய் இல்ல, கையால புடிக்கலாம்!" என்று கத்தினாள். என் பக்கத்தில் நின்ற ஒருவன் என்னைப் பார்த்து, "என்ன மிஸஸ், உங்க பசங்கள எல்லாம் சூட்கேஸ்ல போட்டு அனுப்பிட்டீங்களா, இங்க பெரியப்பாமாருங்கதான் மிச்சமா?" என்றான். நான் குடையை விரித்து அவன் பக்கம் சாய்த்துக்கொண்டேன். தோற்றோம். மறுபடியும் தோற்றோம். இப்போது செப்டம்பரில் அதே பாலிகோரனோடு கடைசி ஆட்டம். தோற்கிறவர்கள் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உன் படத்தைப் பாலிகோரன்காரர்களும் பார்த்துவிட்டார்கள். பார்க்கட்டும் என்றுதானே கோப்பையோடு நின்று சிரித்தாய். செப்டம்பரில் நீ ஆடக்கூடாது, பொய்ப் பெயரில் ஆடியவன் என்று அவர்கள் மாவட்ட வாரியத்தில் ஆட்சேபம் கொடுத்தார்கள். விசாரிக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் டொமினிக் லாவல் என் வீட்டுக்கு ஓடிவந்தான். பின்வாசல் வழியாக வந்தான், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "ஒரு சின்ன உதவி மிஸஸ் ஹெனகன், பெரிசா ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன் ஒருத்தன் பாஸ்டன்ல இருக்கான், அவன் பேரும் மலாக்கிதான், ஜாடை அப்படியே ரோனன் மாதிரின்னு சொல்லிடுங்க. குடும்பத்துல அப்படி இருக்கறதுதானே" என்றான். அவருக்கு அண்ணனே கிடையாதே, இரண்டு தங்கைகள்தான், ஒருத்தி கன்னியாஸ்திரீ என்றேன். "ஒரு அண்ணன் இருந்தாத்தான் என்ன கொறஞ்சிடும்?" என்றான். "என் மாமியார் பெறாத பிள்ளைய நீ பெத்துக் குடுக்கறியா டொமினிக்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிரிப்பால் வந்த கண்ணீர் அல்ல அது. "கீழ போயிட்டோம்னா பாலிகோரன்காரங்களோட சேத்து ஒரே டீம் ஆக்கிடுவாங்க. நம்ம சட்டையே இருக்காது. மலாக்கி போட்ட சட்டை மிஸஸ். அவரா இருந்தா டீமுக்காக இந்த ஒரு பொய்யச் சொல்லியிருக்க மாட்டாரா?" என்றான். அவன் கையில் சோடா ரொட்டி பாதியைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலைவரை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

வந்தவர் கில்டே என்று ஒரு பெரியவர், மரியாதையான மனிதர், மிதியடியில் காலை இரண்டு முறை துடைத்துவிட்டு உள்ளே வந்தார். மேசையில் உன் படத்தை வைத்து, "உங்க கணவர் குடும்பத்துல மலாக்கின்னு வேற யாராவது இருக்காங்களாம்மா? சரியாத் தெரியலன்னு சொன்னாக்கூடப் போதும், நான் அப்படியே எழுதிட்டுப் போயிடுவேன்" என்றார். எவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தார் பார். பொய்கூட வேண்டாம், ஒரு தோள்குலுக்கல் போதும். நான் அந்தப் படத்தையே பார்த்தேன். பாடம் நடத்தும் ஆசிரியன், இருபத்தொன்பது வயது, இறந்தவர் பெயரை மாட்டிக்கொண்டு இளிக்கிறான். "ஒரே ஒரு மலாக்கிதான். கோயிலுக்குப் பின்னால இருக்கார். நாலு வருஷமா ஆட்டத்துக்குப் போறதில்ல" என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ இது யாரும்மா?" என்றார். "என் மகன் ரோனன். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றேன். அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு வருடம் நீ எங்கேயும் ஆட முடியாது. வாரியம் சொல்லி நீ கேட்டிருப்பாய், யார் சொன்னது என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொன்னேன். அதை நீ என் கையெழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இப்போது டொமினிக் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறான். பூசையில் இத்தனை வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்த பிரீஜ் மோரன் முன்வரிசைக்கு மாறிவிட்டாள், காது கேட்கவில்லையாம். கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவள், "பெத்த பிள்ளையையே புடிச்சுக் குடுத்துட்டாங்க, நாமெல்லாம் எம்மாத்திரம், வாய மூடிக்கிட்டு நில்லுங்க" என்றாள், கடையே சிரித்தது. நான் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, நிமிர்ந்தே வெளியே வந்தேன். கார்வரைக்கும்தான் அந்த நிமிர்வு. ஓர்லா தொலைபேசியில், "அம்மா, அவன் அப்பா ஞாபகமாத்தான் அந்தப் பேர வச்சிருக்கான், நீ எதுக்கு இப்படிக் குதிக்கற?" என்கிறாள். ஞாபகமாம். ஞாபகம் என்றால் ஒரு பூசை வைக்கலாம், கல்லறையில் புல் செதுக்கலாம், நீ போன பிறகு அங்கே முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. பிறருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்து வைக்கிற ஞாபகம் என்ன ஞாபகம்? நான் படித்த கான்வென்டில் வராத தோழிக்காக "உள்ளேன் சிஸ்டர்" என்று குரல் கொடுத்த பெண்ணை சிஸ்டர் பெனிக்னஸ் அடிக்கவில்லை, திட்டவுமில்லை, அந்தப் பருவம் முழுக்க இரண்டு பேருடைய வீட்டுப்பாடத்தையும் அவளையே எழுத வைத்தார். நீயும் உன் அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்டாய் அல்லவா, அவர் செய்துகொண்டிருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொள். மழை பெய்தாலும் மைதானத்துக்கு முதல் ஆளாகப் போய் வலை கட்டியவர் அவர்.

இந்த மாதக் கடைசியில் அங்கே இறுதி ஆட்டம் இருக்கிறதாம், தடை இருந்தாலும் இன்னொரு பெயர் தேடிக் கொடுத்து உன்னை இறக்குவார்களாம், ஓர்லா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இறங்காதே. இறங்கினால் நீ எனக்குச் சொல்ல வேண்டாம், கீரன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து சொல்வான். பள்ளி திறப்பதற்கு முன்பே வந்துவிடு. டொமினிக்கிடம் போய் மன்னிப்புக் கேள், முன்வாசல் வழியாகப் போ. செப்டம்பர் ஆட்டத்தில் உன்னை ஆட விட மாட்டார்கள், அதனால் வீட்டுக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போகிற பந்தை எடுத்து எண்டாவுக்குப் போடு, இரண்டு ஊரும் உன்னைப் பார்க்கட்டும். பேசுவார்கள். கேட்டுக்கொண்டு நில். நானும் வருவேன், என் பக்கத்தில் யாரும் நிற்கப்போவதில்லை, இடம் தாராளமாக இருக்கும். நாம் தோற்றால் அதில் என் பங்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை நான் சுமந்துகொள்வேன்.

மூக்குக்கு ஏதாவது களிம்பு தடவு, நம் தோல் அந்த வெயிலைத் தாங்காது. ஞாயிறு பூசையை விட்டுவிடாதே. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தியும் திடமான உடம்பும் தரட்டும், உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன், கோபத்தோடு சொன்னாலும் கணக்கில் சேரும் என்று ஃபாதர் சொல்கிறார். கடைசியாக ஒன்று. நீ தங்கியிருக்கும் வீட்டில் எல்லோரும் உன்னை மலாக்கி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இந்த உறையின் மேல் ரோனன் ஹெனகன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அப்படி ஒருவன் இங்கே இல்லையே என்று அவர்கள் திருப்பி அனுப்பப் பார்த்தால், எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி, நான்தான் என்று சொல்லி வாங்கிக்கொள்.

உன் அம்மா,
நோரா,
மலாக்கி ஹெனகனின் மனைவி.