மஞ்சள் பட்டை

மொஹிராவின் அம்மாவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். இத்தனை நாளும் போனில் இதையேதான் சொன்னேன். இப்போதுதான் அது உண்மை.

நீ மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன பிறகு, அவள் அழும்போதெல்லாம் இனிப்பு டீயில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுத்தேன். அழுகை நின்றதால் வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். வசந்தத்தில் நர்ஸ் சவ்ரி அக்கா வந்து அவள் கையில் அளவுப் பட்டையைச் சுற்றினார். மஞ்சள் காட்டியது; சத்துக் குறைவு என்றார். இன்னும் இளைத்தால் சிவப்பாம்.

"ஏம்பா, பச்சப் புள்ளைக்கு டீயா? வயித்த ரொப்பும், சத்த ஒட்ட விடாது."

"அழுறாளே அக்கா."

"பசிச்சா அழத்தான் செய்வா. வீட்ல கோழி இருக்குல்ல? முட்டையெல்லாம் யாருக்கு, சந்தைக்கா?"

சந்தைக்குத்தான். அத்தனையையும் அங்கேதான் விற்றுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து முட்டை, பருப்புக் கஞ்சி, தயிர், மசித்த கேரட் என்று நாளைக்கு ஐந்து தடவை, கை கழுவி ஊட்டுகிறேன். முதல் வாரம் எல்லாவற்றையும் என் சட்டையில் துப்பினாள். பருத்திக் காட்டிலிருந்து வரும் அண்ணன், "என்னடா, நீயே அம்மாவாயிட்டியா?" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நேற்று பட்டை பச்சை காட்டியது. நான் வெளியே போய் மல்பெரி மரத்தடியில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அவள் தன் முட்டையைத் தின்றுவிட்டு என் தட்டில் இருந்ததையும் எடுத்துக்கொண்டாள். நான் வெறும் ரொட்டியை மென்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை.

உன் வீட்டுக்காரன்