ஜன்னல் ஓரத்து ஓசோன்

12 பிப்ரவரி 2024, திங்கள்

இன்றும் இரண்டு முடிவு. அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த கூண்டு. டொலுவீன் திரவத்தில் கரைத்தால் கத்தரிப்பூ நிறம். ஓசோனைக் குமிழவிட்டால் மூன்று ஆக்சிஜன் ஒட்டும். பிறகு இரண்டு கழன்று ஒன்று மிஞ்சும். எனக்கும் தெரியும், கூட ஆராய்ச்சி செய்கிற தாரணிக்கும் தெரியும். பிறகேன் கடைசியில் கிடைப்பது ஆளுக்கு ஒரு விதமாக இருக்கிறது? "சீசாவ ஒழுங்காக் கழுவுனீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் தன் மூலைக்குத் திரும்பிப் போனாள். எது சரி என்று வெள்ளிக்குள் சொல்லுங்கள் என்றார் எங்கள் வழிகாட்டி சுகுணா மேடம். தவறியவரின் ஒரு வருஷ வேலை குப்பைக்கு.

13 பிப்ரவரி

மூன்று முறை செய்தேன். அதே முடிவு. நான்தான் சரி.

15 பிப்ரவரி, வியாழன்

தாரணி வந்து நின்றாள். "இடத்த மாத்திக்கலாமுங்க. யாரு கை அழுக்குன்னு தெரிஞ்சிரும்."

அவளுடைய இருட்டு மூலைக்குப் போனேன். என் ஜன்னலோரத்தில் அவள். சாயங்காலம் பார்த்தால் — எனக்கு அவள் முடிவு, அவளுக்கு என் முடிவு! ஆளில் இல்லை, இடத்தில்தான்.

ஜன்னலோரம் எதற்கு உட்கார்ந்தேன்? அங்கிருந்தால்தான் கொல்லிமலை பஸ் வருவது தெரியும். நாலரை பஸ்ஸை விட்டால் எங்கள் ஊர் தேவனூர் நாட்டுக்கு அடுத்தது ஆறேகால். ரோட்டைப் பார்த்தேனே தவிர, சீசாமேல் வெயில் விழுவதைப் பார்க்கவில்லை. மடையன்.

16 பிப்ரவரி

ஜன்னலோரத்திலேயே ஒரு சீசாவுக்கு அலுமினியத் தாள் சுற்றினேன், இன்னொன்றுக்கு இல்லை. சந்தேகம் தீர்ந்தது. இருட்டில் ஆக்சிஜன் கூண்டின்மேல் பாலம்போல் உட்காருகிறது, கூண்டு மூடியே இருக்கிறது. வெளிச்சத்தில் அந்த இடத்துப் பிணைப்பு அறுந்து கூண்டு திறந்துகொள்கிறது. இரண்டும் சரி. மேடம் சிரித்தே விட்டார்.

18 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவோடு மிளகு காயப்போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டும் சரின்னா அந்தப் புள்ளைய எதுக்குக் கண்ணு வைஞ்ச?"

சாமைச் சோறு இன்னொரு கரண்டி கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

19 பிப்ரவரி

போனதும் முதல் வேலையாக, எல்லார் முன்னாலும், தாரணியிடம் தப்பு என்னுது என்றேன். தலையாட்டினாள். அவ்வளவுதான்.

4 மார்ச், திங்கள்

கட்டுரை முடிந்தது. யார் பெயர் முதலில் என்று மேடம் கேட்டார். தாரணி என்றேன்.

"ஏனுங்க, காச்சலா?" என்றாள் தாரணி.