முந்திரிக்காட்டு மேட்டுக்குக் கொண்டுபோன அரிசி

அண்ணி,

நேற்று தஞ்சாவூரில் வேலை முடிந்து ஒரத்தநாட்டுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். தூறல் விடவில்லை. பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் சாலை முழுக்கச் செம்மறி ஆடுகள். ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆடுகளுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்தது, நனைந்த ரோமமும் புழுக்கையும் சேறும் கலந்த வாடை. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தேன். உங்கள் போட்டோவைப் பார்த்தால்கூட இப்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை. அந்த வாடைக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு ஆடுகளைப் பிடிக்காது. ஆடு மேய்க்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இருளாயியும் அவள் புருஷனும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரிக்கு ஆடுகளை நம் வயலிலேயே அடைத்துக் கிடை போடுவார்கள். அண்ணனுக்கு வயலுக்கு எரு வேண்டும். உங்களுக்கு வேலியோரத்து அகத்தியும் முருங்கையும் ஆடு கடிக்காமல் நிற்க வேண்டும். விடிந்ததும் சண்டையைத் தொடங்கிவிடுவீர்கள்.

"ஏ இருளாயி, ஒன் ஆட்டுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? வேலி எதுக்கு வச்சிருக்கு?"

"ஆட்டுக்குக் கண்ணு இருக்கு தாயி. ஒங்க வேலிக்குத்தான் பல்லு இல்ல."

என் புகுந்த வீட்டு வாழ்க்கை முறிந்து, அண்ணன் வீடே கதியென்று நான் வந்து சேர்ந்த கோடையில் கேட்ட பேச்சு இது. அந்த வீட்டில் நான் முதல்முதலாகச் சிரித்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தீர்கள். அப்புறம் ஒரு சொம்பு மோரைக் கொண்டுபோய் இருளாயி கையில் திணித்தீர்கள். அதைக் கொடுக்கும்போதும் திட்டிக்கொண்டுதான் கொடுத்தீர்கள்.

புயல் அடித்தது கார்த்திகையில். விடிந்து கதவைத் திறந்தபோது தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. அண்ணன் விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து, விரலை நீட்டி ஒன்றிரண்டென்று எண்ணத் தொடங்கினார். நீங்கள் போய் அவர் கையைப் பிடித்து இறக்கினீர்கள். "எண்ணாதீங்க. எண்ணி என்ன ஆகப்போவுது?" என்றீர்கள். 

மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டதால் வெகுநாள் கரண்ட் இல்லை. வெளியூர்களிலிருந்து லாரிகளில் அரிசியும் பிஸ்கட்டும் பழைய துணிகளும் வந்தன. கோயில் மண்டபத்தில் இறக்கி வீடு வீடாகப் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டிருந்தவர் ஊர்க் கமிட்டி செல்வராசு. நம் முறை வந்தபோது நீங்கள் கேட்டது நம் வீட்டுக்காக இல்லை.

"செல்வராசு, முந்திரிக்காட்டு மேட்டுல ஆட்டுக்காரங்க கெடக்காங்களே, அவங்களுக்கு யாரு குடுக்குறா?"

மழைக்காலத்தில் இருளாயி குடும்பம் புது ஆற்றுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் அந்த மேட்டில்தான் தங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

"அக்கா, இது ஊர்க்காரங்களுக்குன்னு வந்தது. அவங்க எந்த ஊர்லயும் சேத்தி இல்லையே."

"வயிறு எந்த ஊர்ல சேத்தி?" என்று கேட்டீர்கள். அவர் குனிந்து அடுத்த மூட்டையை இழுத்தார். "சரி, எங்க வீட்டுப் பங்கக் குடு. அத நான் யாருக்குக் குடுத்தா ஒனக்கென்ன?"

மூட்டையை மொபெட்டில் வைத்துக் கட்டினோம். வண்டியை நீங்கள் ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்தேன். சாலையில் மரம் கிடக்கும் இடத்திலெல்லாம் இறங்கி, மூட்டையைத் தலையில் சுமந்து, வண்டியைக் கிளைகளுக்கு இடையில் தள்ளி, மறுபடி ஏறினோம். நடுவில் நான் கேட்டேன். "அந்த இருளாயிக்காகவா அண்ணி இவ்வளவும்?"

"அவ இல்லன்னா கோடையில நான் யாரோட சண்ட போடுறது பாப்பா?"

மேட்டில் முந்திரி மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. நாலு குச்சியில் கட்டிய தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. அதன் கீழே இருளாயி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்குக் குளிர்க் காய்ச்சல், சாக்கைப் போர்த்திப் படுத்திருந்தார். ஒரு பக்கம் செத்த ஆடுகளைக் குவித்திருந்தார்கள். குழி தோண்டத் தெம்பில்லை. மிச்ச ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. கத்தாத செம்மறிக் கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இருளாயி உங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பயந்தவள்போலச் சொன்னாள்: "ஒங்க அகத்தி எதையும் நாங்க திங்கல தாயி. இங்கனயேதான் கெடக்கோம்."

 வாயைத் திறந்தால் அழுதுவிடுவீர்கள் என்று தெரிந்தது. மூட்டையை அவிழ்த்து, மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதிப் பற்ற வைத்தீர்கள். புகை நம் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரவழைத்தது. அது வசதியாகப் போயிற்று.

அடுத்த முறை போனபோது ஆடுகளுக்கு நோய் வந்திருந்தது. உதடு தடித்து, நாக்கு நீலம் பாய்ந்து வீங்கி, மூக்கில் சளி ஒழுகியது. முன்னால் தழையைப் போட்டாலும் கடிக்க முடியவில்லை. ஒரத்தநாட்டிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா சேற்றில் நடந்தே வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நீலநாக்கு நோய் என்றார். "மழைக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுருக்கணும்மா. இப்ப கஞ்சி காச்சி வாயில ஊத்திக்கிட்டே இருங்க. தாங்குறது தாங்கும்." அவரும் களைத்திருந்தார். போகவேண்டிய இடங்கள் அவருக்கு இன்னும் நிறைய இருந்தன.

அதனால் நாம் கொண்டுபோன அரிசி ஆடுகளுக்குக் கஞ்சியானது. இருளாயி தண்ணீர் பாட்டிலின் வாயைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு ஆட்டின் தாடையையும் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். நீங்கள் சற்று நேரம் நின்று பார்த்தீர்கள். அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்து ஒரு ஆட்டின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டீர்கள். ஊற்றினீர்கள். பாதி வெளியே வழிந்தது. "முழுங்கு. முழுங்கு சனியனே. என் அகத்தியத் திங்கத் தெரிஞ்சுதுல்ல?" என்று அதைத் திட்டினீர்கள்.

இது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுபடி மண்டபத்துக்குப் போனபோது செல்வராசு மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, மனுசன் திங்க வந்த அரிசிய ஆட்டுக்கு ஊத்துறாங்களாம்ல."

"ஆடு செத்தா அவங்க எதத் திம்பாங்க? அவங்களுக்கு வயலு, தோப்பு, வீடு எல்லாமே அதுதானே."

"எங்க வீட்லயும் ரெண்டு மாடு செவுரு விழுந்து செத்துது. என் பொண்டாட்டி இன்னும் சரியாத் திங்கல. எங்களுக்கு யாருக்கா கஞ்சி ஊத்துனா?"

 எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை உங்களுடையதாகத்தான் இருக்கும். அன்று நீங்கள் அவர் கையை ஒருமுறை தொட்டுவிட்டு, வெறும் பையோடு வீட்டுக்கு நடந்தீர்கள். வழியில் என்னிடம் சொன்னீர்கள்: "அவன் சொன்னதுல என்ன பாப்பா தப்பு?"

வீட்டில் நம் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த குறுவை நெல் இருந்தது. அரைக்க மில் ஓடவில்லை. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த உரலை நிமிர்த்திக் கழுவினீர்கள். நாம் இருவரும் மாற்றி மாற்றிக் குத்தினோம். இரண்டு பேருக்கும் அது பழக்கமில்லாத வேலை. பாதி குருணையாக நொறுங்கியது. கஞ்சிக்கு அது போதும் என்றீர்கள். என் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. உங்களுக்கும்தான்.

அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தோப்பும் போச்சு, பயிரும் போச்சு. இதையும் ஆட்டுக்கு ஊத்திட்டா நாளைக்கு நாம என்ன திங்கிறது?"

"நாளைக்குத்தானே?" என்றீர்கள், உலக்கையை நிறுத்தாமல்.

அவர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து முறத்தை எடுத்து, தப்பும் தவறுமாகப் புடைக்க உட்கார்ந்தார்.

அத்தனையும் செய்தோம் அண்ணி. தினமும் போனோம். போகும்போதெல்லாம் குவியல் பெரிதாகியிருந்தது, கூட்டம் சின்னதாகியிருந்தது. காலையில் கஞ்சி குடித்த ஆடு சாயங்காலம் கால்களை நீட்டிக் கிடந்தது. நீங்கள் எந்த ஆட்டைத் திட்டித் திட்டிக் குடிக்க வைத்தீர்களோ அதுவும் போயிற்று. ஒருநாள் நாம் சட்டியை இறக்கும்போதே இருளாயி கையை நீட்டித் தடுத்தாள்.

"இனிமே கொண்டு வராதிய தாயி. ஊத்துறதுக்கு ஆடு இல்ல."

ஓரத்தில் இரண்டு மூன்று பெட்டை ஆடுகள் நின்றன. நீங்கள் அவற்றைக் காட்டினீர்கள். "அதுகள நான் வீட்ல வச்சுப் பாத்துக்குறேன். கோடைக்கு வந்து ஓட்டிக்க."

"மந்தை இல்லாம இதுக நிக்காது தாயி. கத்திக் கத்தியே செத்துப்போகும். வியாபாரிகிட்டச் சொல்லிட்டோம்."

"அப்ப நீங்க?"

"செங்கச் சூளைக்கு ஆள் கேக்குறாக."

அவள் புருஷன் தழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பை முந்திரி மரத்தில் சாய்த்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பினார். 

அடுத்த கோடையில் நம் வயலில் கிடை இல்லை. கடிக்க ஆடு இல்லாத அகத்தி கூரை உயரத்துக்கு வளர்ந்து முற்றிப்போனது. நீங்கள் காலையில் வேலியோரம் போய் நிற்பீர்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவீர்கள். ஒருநாள் அரிவாளை எடுத்து அத்தனையையும் வெட்டிச் சாய்த்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இருந்து என்ன?" என்றீர்கள். அப்போதே உங்களுக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஸ்பூனில் கஞ்சி எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். நீங்கள் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்.

"பாப்பா, அந்த அரிசிய செல்வராசு வீட்டுக்காவது குடுத்துருக்கலாமோ? எல்லாம் வீணாத்தானே போச்சு?"

"வீண் இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத."

அதுதான் நாம் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, சுவர் கட்டச் செங்கல் இறக்க வந்த லாரிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், சூளையில் இருளாயி என்று ஒரு ராமநாதபுரத்துப் பெண் இருப்பதாக. விசாரித்துக்கொண்டு போனேன். அவள் முகமெல்லாம் செம்மண் தூசி. அவள்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தாள். எனக்கு அடையாளம் தெரிய நேரமானது. நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். கையில் இருந்த, இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லைக் கீழே வைத்தாள்.  அவள் புருஷனைப் பற்றிக் கேட்டேன். அவரும் இல்லை. அதே குளிர்க் காய்ச்சல், நெஞ்சில் தங்கிவிட்டதாம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டதை அவளிடம் சொல்லக்கூடாது என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல?

இருளாயி கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். "சாகுறத யாரால நிறுத்த முடியும்? பசியோட ஒண்ணும் சாகல தாயி. அம்புட்டுத்தான் நம்மால ஆச்சு" என்றாள்.

அந்த வார்த்தையை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க எனக்கு வழியில்லை. அது ஆறுதலா என்றும் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் அவளோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள். பசியில்லாமல் செத்தால் மட்டும் சரியா என்று கேட்டிருப்பீர்கள்.

நான் கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். "எங்க அக்கா மக்க இன்னமும் ஆடுதான் மேய்க்கிறாக. மழைக்கு வேதாரண்யம் பக்கம் கெடக்காக. மறுபடி ஒரு புயலு வந்தா அவுகளப் பாக்க யாராச்சும் வருவாகளா தாயி?"

வருவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்பதா, தெரியாது என்பதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. உங்களிடமிருந்து வேறு என்னென்னவோ என்னிடம் வந்து சேர்ந்திருக்கலாம். நான் தூக்கிக்கொண்டு திரிவது அந்த ஒரு தலையாட்டலைத்தான்.

கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாக இன்று செய்தியில் சொன்னார்கள். அண்ணன் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். குதிரில் நெல் இருக்கிறது அண்ணி. மில்லும் ஓடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் வேதாரண்யத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.